முழங்கையில் மஞ்சள் பெயிண்ட்

சரக்... சரக்... சரக்...

முதலில் சத்தம்தான் வந்தது. தார்ப்பாய்க்குள் இருந்த இடத்தானுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அது யாருடைய சத்தம் என்று புரிந்துவிட்டது. கம்பி பிரஷ் பக்கத்தில் எங்கோ யாரையோ சுரண்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கேயும் வரும். இடத்தானுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

கப்பல்கள் வந்து போகும் ஊர் ஒன்றில் அந்தப் பட்டறை இருந்தது. உப்புக் காற்று கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து எல்லா இரும்பையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும் இடம். துறைமுகத்தில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டிகள் அங்கேதான் பழுது பார்க்க வரும்.

ஏழாம் நம்பர் வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு இரும்புக் கைகள்தான் இடத்தானும் வலத்தானும். ஒரே உலையில், ஒரே நாளில் பிறந்தவர்கள். இடத்தான் அரை நாழிகை மூத்தவன். மேலேயிருந்து நேராக இறங்கி, முழங்கையில் மடங்கி, தரையோடு தரையாக முன்னால் நீளும் உடம்பு. எவ்வளவு பாரம் ஏறினாலும் அது கடைசியில் வந்து உட்காருவது அந்த முழங்கை மடிப்பில்தான்.

பதினோரு வருஷமாகத் தூக்குகிறார்கள். உப்பு மூட்டை, பஞ்சுப் பொதி, மரத்தடி, கிரானைட் பலகை. இதுவரை ஒரு சுமையைக்கூடக் கீழே போட்டதில்லை. துறைமுகத்தில் இருக்கிற மற்ற வண்டிகளுக்கெல்லாம் இது தெரியும். தெரியாத வண்டி வந்தால் வலத்தானே சொல்லிவிடுவான்.

ஆனால் வலத்தானுக்கே தெரியாத சங்கதி ஒன்று இடத்தானிடம் இருந்தது.

ஆவணி மாதத்தில் ஒரு நாள், கன்டெய்னருக்குள் சிக்கிய மரத்தடி ஒன்றை ஒற்றைக் கையால் நெம்பினார்கள். வலத்தானுக்கு அதில் வேலையில்லை. முழு பாரமும் இடத்தான் மேல் வந்தது. முழங்கைக்குள் எங்கோ 'டிக்' என்றது. அவ்வளவுதான். மயிரிழை மாதிரி ஒரு விரிசல்.

இடத்தான் வாயைத் திறக்கவில்லை. தனக்காகப் பயந்து அல்ல. அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கைகளை ஜோடியாகத்தான் மாட்டுவார்கள், ஜோடியாகத்தான் கழற்றுவார்கள். ஒன்று கெட்டால், நன்றாக இருக்கிற மற்றதும் சேர்ந்து பழைய இரும்புக் குவியலுக்குப் போகும். வாயைத் திறந்தால் வலத்தானும் போவான். ஒரு குற்றமும் இல்லாத வலத்தான்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. வண்டிகளையெல்லாம் கழுவிச் சந்தனம் வைத்தார்கள். வைப்பதற்கு முன்னால் ஆளுக்கொரு பிரஷ்ஷோடு மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். அந்தப் பெயிண்ட் வழவழவென்று வந்து விரிசலின் மேல் படுத்துக்கொண்டது.

"கவலைப்படாதே அண்ணே," என்றது பெயிண்ட். "நான் மேலே இருக்கிற வரைக்கும் உனக்கு வயசு பதினாறு."

இடத்தானுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனாலும் மறுத்துப் பேசவில்லை.

இப்போது தார்ப்பாய் விலகியது. மெக்கானிக் சூசைமாணிக்கம் குனிந்து பார்த்தார். பார்த்ததும் முகம் மாறியது.

"யாரு இந்த முழங்கையில பெயிண்ட் அடிச்சது?"

"நாங்கதான் அண்ணாச்சி," என்றாள் பேச்சித்தாய். ஏழாம் நம்பரை ஓட்டுகிறவள் அவள்தான். "பூசைக்கு எல்லா வண்டியும் மின்ன வேண்டாமா? நீங்க மருமவ கல்யாணத்துக்குப் போயிட்டிய."

"முழங்கைய மட்டும் விட்டுட்டு அடிக்கணும்னு எத்தனை தடவ படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்?"

"அரைக்கைச் சட்டை போட்ட மாதிரி அசிங்கமா இருக்கும்லா."

"அசிங்கமா இருந்தாத்தான் பிள்ள உள்ளது தெரியும்."

சூசை கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வலத்தான் பக்கம் உட்கார்ந்தார். பாதிக் கம்பி உதிர்ந்துபோன பிரஷ் அது. பூஜையன்று சுத்தியலுக்குப் பொட்டு, ஸ்பேனருக்குப் பொட்டு, காற்றடிக்கிற பம்புக்குக்கூடப் பொட்டு. பிரஷ்ஷை மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதற்கு வாய் கொஞ்சம் அதிகம்.

"கையைக் காட்டுப்பா பெரிய மனுஷா," என்றது வலத்தானிடம்.

"நல்லாப் பாத்துக்கோ," என்றான் வலத்தான். "பதினோரு வருஷத்துக் கை. ஒரு கீறல் கண்டுபிடிச்சா உனக்கு நானே பொட்டு வைக்கிறேன்."

மஞ்சள் செதில் செதிலாக உதிர்ந்தது. பிரஷ் மேலும் கீழும் போய் வந்தது. அடியில் இருந்த இரும்பு, வெட்கமில்லாமல் பளிச்சென்று சிரித்தது.

"சுத்தம்," என்றது பிரஷ். அதன் குரலில் கொஞ்சம் ஏமாற்றம். "அடுத்த ஆளு."

அந்த நேரத்தில் பேச்சித்தாயின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவள் கால் மாற்றி நின்றாள்.

"அண்ணாச்சி, கிரானைட் பெட்டி ரெண்டரை டன்னு, லாரியில அப்படியே நிக்குதாம். கப்பல்காரன் கத்துதான். ஒரு நடை போயிட்டு வந்துருதேன், வண்டியத் தாங்க."

"இன்னொரு கை பாக்கணும் பிள்ள."

"ரெண்டும் ஒண்ணா வந்ததுதான? ஒண்ணாத்தான தூக்குது? அது நல்லா இருந்தா இதுவும் நல்லாத்தான் இருக்கும்."

சூசை ஒரு கணம் யோசித்தார். முப்பது வருஷமாகக் கைகளை ஜோடி ஜோடியாக மாட்டிக் கழற்றியவர். ஜோடியாகவே மாற்றிப் பழகிய மனசு, அவை ஜோடியாகவேதான் தேயும் என்று எப்போதோ நம்பத் தொடங்கியிருந்தது.

"சரி, ஒரு நடை. வந்ததும் நிறுத்திரணும்."

பிரஷ்ஷைக் கைகள் தொங்கும் இரும்புச் சட்டத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"பாத்தியா?" என்று சிரித்தது பெயிண்ட். "நான் சொன்னேன்ல?"

இடத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியில் ஏறிய பேச்சித்தாய் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஏல ஆவுடை, கட்டைய எடுத்து வச்சுக்கிட்டு ரெடியா நில்லு. அக்கா வந்துட்டேன்."

ஆவுடை அவளுடைய தம்பி. பெட்டியைத் தரையில் இறக்கும்போது அதற்கு அடியில் மரக்கட்டை வைக்கிறவன். பாரம் ஒரு சாண் உயரத்தில் தொங்கும்போது கையை உள்ளே விட்டுக் கட்டையைச் சரி செய்வான். அந்தக் கையை இடத்தானுக்கு நன்றாகத் தெரியும். மோதிர விரலில் ஒரு பழைய தழும்பு. ஒவ்வொரு தடவையும் கட்டையை வைத்து முடித்ததும், "போட்டுராத ராசா" என்று இடத்தானை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கையை வெளியே எடுப்பான்.

"தம்பி," என்றான் இடத்தான்.

"என்னண்ணே? கிரானைட்டுன்னதும் குஷி வந்துருச்சா?"

"நான் விரிஞ்சிருக்கேன்."

வலத்தான் முதலில் அதை விளையாட்டு என்று நினைத்தான். அப்புறம்தான் விளையாட்டு இல்லை என்று புரிந்தது.

"எப்ப இருந்து?"

"ஆவணியில இருந்து."

"ரெண்டு மாசம்! நாலு அடி தள்ளிகூட இல்ல, பக்கத்துலயே நிக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல!"

"சொன்னா உன்னையும் கழட்டிருவாங்கடா."

"அதனால?"

"உன் முழங்கையத்தான் இப்ப எல்லாரும் பாத்தாங்களே. இன்னும் பத்து வருஷம் தூக்கலாம் நீ."

பேச்சித்தாய் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றான் வலத்தான். "நான் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுற பெருமை என்ன? இவ்வளவு பளபளப்பா இருக்கேன்னா? ஒண்ணையும் கீழ போட்டதில்லன்னுதானே? இன்னிக்கு அந்த ஆவுடைப் பய கை மேல விழுந்தா, இடது கைதான் விழுந்துச்சு, வலது கை நல்ல கைன்னா பேசுவாங்க? ரெண்டு பேரும் சேர்ந்து தூக்குனோம். விழுந்தா ரெண்டு பேரும்தான் விழுந்தோம்."

"அப்ப நீயும்..."

"நானும்தான். பத்து வருஷம் என்ன பத்து வருஷம். சீக்கிரம், அவ சாவியக் கண்டுபிடிச்சுட்டா."

இடத்தான் மேலே சட்டத்தில் கிடந்த பிரஷ்ஷைப் பார்த்தான். இவ்வளவு நேரம் எந்தச் சத்தத்துக்குப் பயந்தானோ அதையே கூப்பிட்டான்.

"இங்க வா."

"எனக்குக் காலா இருக்கு?" என்றது பிரஷ். "பிடிக்கிற கை என்னைக் கீழ வச்சுட்டுப் போயிருச்சு."

"நான் கூப்பிடுறேன். நீ விழு."

"பைத்தியமா உனக்கு?" பெயிண்ட் பதறியது. "உன்னைக் காப்பாத்துறதுக்குத்தான் நான் ஒட்டிக்கிட்டு இருக்கேன்."

"நீ என்னைக் காப்பாத்தல. என்னை மூடிவச்சிருக்க. ரெண்டும் வேற."

இன்ஜின் உறுமியது. வண்டி முழுக்க நடுங்கியது. அந்த நடுக்கம் எப்போதும் வருவதுதான். மற்ற நாட்களில் இடத்தான் அதை விறைப்பாக நின்று வாங்கிக்கொள்வான். இன்றைக்கு விறைப்பை விட்டுவிட்டான். கடகடவென்று ஆடினான். அவன் ஆடியதில் சட்டமும் ஆடியது. பிரஷ் ஒரு விரல் நகர்ந்தது. வலத்தானும் சேர்ந்து ஆடினான். பிரஷ் இன்னும் இரண்டு விரல் நகர்ந்தது, விளிம்பில் ஒரு கணம் தயங்கியது.

"கண்ணை மூடிக்கோ," என்று சொல்லிவிட்டுத் தலைகுப்புற விழுந்தது.

நேராக இடத்தானின் முழங்கை மடிப்பில். இருந்த பாதிக் கம்பிகளும் பெயிண்ட்டில் பதிந்து, நகத்தளவு மஞ்சளைப் பெயர்த்துக்கொண்டு சாய்ந்தன.

சத்தம் கேட்டுத் திரும்பிய சூசை, "எங்கயாவது வச்சா இருக்கா பாரு" என்று முனகியபடி பிரஷ்ஷை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மஞ்சள் போன இடத்தில் பழுப்பு நிறத்தில் நூல் மாதிரி ஒன்று தெரிந்தது. விரலால் துடைத்தார். போகவில்லை.

"நிறுத்து! பேச்சி, வண்டிய நிறுத்து!"

"என்ன அண்ணாச்சி?"

"எறங்குன்னா எறங்கு."

மிச்சப் பெயிண்ட்டையும் சுரண்டினார். பிரஷ் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. வேலையை மட்டும் பார்த்தது. துணியால் துடைத்துவிட்டு, விரிசல் இருந்தால் உள்ளே இறங்கித் தங்கும் சிவப்பு மருந்தை ஒரு டப்பாவிலிருந்து பீய்ச்சினார். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்தார். அதன் மேல் இன்னொரு டப்பாவிலிருந்து வெள்ளை மருந்தை அடித்தார். முழங்கை சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆனது.

சூசையும் பேச்சித்தாயும் காத்திருந்தார்கள்.

வெள்ளைக்குள்ளிருந்து மெல்ல மெல்ல ஒரு சிவப்புக் கோடு எழுந்து வந்தது. மடிப்பின் இந்த ஓரத்திலிருந்து கிளம்பி, பாதி தூரம் ஓடி நின்றது.

பேச்சித்தாய் அதைத் தொடப் போனாள். தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"இதுக்குக் கீழதான அவன் கைய..." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு தம்பிக்குப் போன் போட்டு, "கட்டையக் கீழ வச்சுட்டு டீ குடிக்கப் போ. இன்னும் நேரம் ஆவும்" என்று மட்டும் சொன்னாள்.

"ஒரு வெல்டு வச்சா ஆவாதா அண்ணாச்சி?"

"முழங்கையில வெல்டு வைக்கக் கூடாது. வச்சா, பாக்க ஒட்டுன மாதிரி இருக்கும், பாரம் ஏறுனா விட்டுரும். கழட்டிர வேண்டியதுதான். ரெண்டையும்."

"மத்தது நல்லா இருந்துச்சே."

"இருக்கட்டும். தனியா விட்டா புதுக் கை கூட ஒத்துப்போகாது. ஒண்ணு ஒரு விரல் அளவு ஏறி நிக்கும், பாரம் ஒரே பக்கமாச் சாயும்." சூசை இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினோரு வருஷம் ஒண்ணாத் தூக்குனது. ஒண்ணாவே போகட்டும்."

இரண்டின் மேலும் சாக்பீஸால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஆளுக்கொரு தட்டுத் தட்டினார்.

கழற்றிய கைகளைக் குவியலுக்குக் கொண்டுபோக எட்டாம் நம்பர் வண்டி வந்தது. பேச்சித்தாய்தான் ஓட்டினாள். அந்த வண்டிக்கு ஆறு மாசம் முன்புதான் புதுக் கைகள் மாட்டியிருந்தார்கள். அவை இரண்டும் தரையோடு தாழ்ந்து வந்து, இடத்தானுக்கும் வலத்தானுக்கும் அடியில் மெதுவாக நுழைந்தன.

பிறகு மேலே தூக்கின.

பதினோரு வருஷத்தில் எத்தனையோ சுமைகளை இடத்தான் இப்படித் தூக்கியிருக்கிறான். தூக்கப்படுவது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கீழே தரை இல்லை. இன்னொருவன் பலத்தை நம்பி அந்தரத்தில் கிடக்க வேண்டும். உப்பு மூட்டைகள் இத்தனை வருஷமும் தன்னை நம்பிக் கிடந்திருக்கின்றன!

"அம்மாடி, என்ன கனம்!" என்றது எட்டாம் நம்பரின் இடது கை. "யாரு நீங்க?"

வலத்தான் தலையை நிமிர்த்தினான். அவன் குரலில் பழைய தெனாவட்டு அப்படியே இருந்தது.

"ஏழாம் நம்பர். பதினோரு வருஷம். ஒண்ணைக்கூடக் கீழ போட்டதில்ல."

"தெரியுமே," என்றது அது. அதன் குரல் தானாகத் தாழ்ந்தது. "அதான் பயந்து பயந்து பிடிச்சிருக்கோம். உங்களைப் போட்டுட்டோம்னா அப்புறம் எங்க முகத்தை எங்க கொண்டுபோய் வைக்க?"

அவை போடவில்லை. குவியலின் ஓரத்தில், சத்தமே வராமல், இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இறக்கி வைத்தன.

பேச்சித்தாய் வண்டியை நிழலில் கொண்டுபோய் நிறுத்தினாள். கிரானைட்டை இனி எடுக்கப்போகும் எட்டாம் நம்பரின் இரண்டு முழங்கைகளையும் சூசை பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்து முடித்தார். கப்பல்காரன் போன் பண்ணிக்கொண்டே இருந்தான். அவள் எடுக்கவில்லை. இறங்கி இன்ஜின் மூடியைத் திறந்து, ஆயில் பார்க்கிற குச்சியை உருவினாள். துணியில் துடைத்தாள். மறுபடி உள்ளே விட்டு, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து எந்தக் கோடு வரை நனைந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.