ஈரக் கை

நாச்சிமுத்துவுக்குப் புத்தகப் பித்து. அதுவும் சாதாரணப் புத்தகம் இல்லை. சக்கரங்களும் தாமரைகளும் நாடிகளும் வரைந்த யோக நூல்கள், மந்திர நூல்கள், ஊரில் பாதிப் பேர் பேரைச் சொல்லவே பயப்படுகிற மறைபொருள் நூல்கள். படம் இல்லாத புத்தகத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

எதை வாங்கினாலும் இரண்டு விதமாக வாங்குவார். ஒன்று சிறப்புப் பதிப்பு. தோல் அட்டை, தங்க மை, ஒவ்வொரு வண்ணப் படத்தின் மேலும் பாதுகாப்புக்கு ஒரு மெல்லிய தாள். அது கண்ணாடி அலமாரிக்குப் போகும். மற்றது பேருந்து நிலையக் கடையில் தொங்குகிற மலிவுப் பதிப்பு. அதில் நாலைந்து பிரதி வாங்கி, கேட்பவர்களுக்குக் கொடுப்பார்.

"வெச்சிருக்க ஒண்ணு, படிக்க ஒண்ணு" என்பார் பெருமையாக. பெருமைப்பட வேண்டிய சேகரிப்புதான், இல்லையென்று யார் சொன்னது?

ஈரோட்டில் இருந்த நூல் மில்லை மகன் கையில் கொடுத்துவிட்டு, பவானி ஆற்றங்கரையில் இருந்த பாவாயம்மாவின் மடத்துக்கு அவர் வந்தபோது, அலமாரியும் கூடவே லாரியில் வந்தது.

பாவாயம்மா அவரைவிட வயதில் மிகவும் இளையவர். அதிகம் பேசாதவர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தீட்சை பெறுகிறவருக்கென்று ஒரு சக்கரத்தைத் தன் கையாலேயே வரைந்து கொடுப்பார். ஒருவருக்கு வரைந்ததை இன்னொருவருக்கு வரைய மாட்டார். நாச்சிமுத்து வந்தது அந்த ஒரு தாளுக்காகத்தான். எந்த அச்சகத்திலும் வராத படம்! அதை வாங்காமல் கண்ணை மூட மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"புத்தகம் பூராவும் இனி மடத்துக்குங்கம்மா" என்றார் முதல் நாளே.

"ரொம்ப சந்தோசமுங்க. சாவி?"

"அது எங்கிட்டயே இருக்கட்டுங்க. ஆளாளுக்குத் தொட்டா வீணாப் போயிருமுங்க."

"சரிங்க" என்றார் பாவாயம்மா.

மலிவுப் பதிப்புகளைக் கூடத்தில் ஒரு பலகையின்மேல் அடுக்கினார்கள். சாவி நாச்சிமுத்துவின் இடுப்பில் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, திலகவதி அவரிடம் வந்தாள். பவானியில் தையல்கடை வைத்திருப்பவள். அவளும் பாவாயம்மாவிடம் பாடம் கேட்கிறவள்தான்.

"ஏனுங்கய்யா, தொண்டைச் சக்கரத்துத் தாமரைய மனசுல நிறுத்திப் பழகச் சொல்லியிருக்காங்க அம்மா. இந்தப் புத்தகத்துல அந்தப் படத்துமேல மை அப்பிக் கெடக்குதுங்க. இதழே தெரியல."

நாச்சிமுத்து தாராள மனசுக்காரர். உடனே பலகையிலிருந்து வேறொரு பிரதியை எடுத்துக் கொடுத்தார். அதிலும் மை அப்பியிருந்தது. அடுத்ததிலும் அதே இடத்தில் அதே மை.

"எல்லாம் ஒரே அச்சு அம்முணி. அப்படித்தான் இருக்கும்."

"அலமாரியில இருக்கற பெரிய புத்தகத்துல ஒருக்கா பாத்துக்கட்டுங்களா?"

நாச்சிமுத்து அவள் கையைப் பார்த்தார். தட்டுக் கழுவிவிட்டு அப்படியே வந்திருந்தாள்.

"கை ஈரம். ஆகாது."

"தொடச்சுக்கறேனுங்க."

"தொடச்சாலும் ஈரம் இருக்கும். தங்க மை அம்முணி அது. ஒரு விரல் பட்டாப் போச்சு."

அவள் மை அப்பிய பிரதியோடு திரும்பிப் போனாள். தூணோரம் உட்கார்ந்திருந்த பாவாயம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதொரு பொருளைக் காப்பாற்றிய நிம்மதியோடு நாச்சிமுத்து தூங்கப் போனார்.

தீட்சை நாள் வந்தது.

விடிவதற்குள் ஆற்றில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, ஈர வேட்டியோடு வந்து நின்றார். கல்யாணத்தன்றுகூட அவர் இப்படித் தவித்ததில்லை.

பாவாயம்மா மடியில் பலகை வைத்து வரைந்துகொண்டிருந்தார். கிண்ணத்தில் குங்குமக் குழம்பு. நாச்சிமுத்துவுக்குத் தெரிந்ததெல்லாம் தாளின் முதுகுப்பக்கம் மட்டும்தான். வரைந்து முடித்து, காய வைத்து, பாவாயம்மா நிமிர்ந்தார்.

"அலமாரிச் சாவிய எடுங்க."

பாக்கியம் என்று நினைத்துக்கொண்டார் நாச்சிமுத்து. பூட்டைத் திறந்தார். பாவாயம்மா பெரிய புத்தகத்தை எடுத்துத் திறந்து, அதற்குள் தாளைக் குப்புற வைத்து மூடினார். கண்ணாடிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.

"உங்க சக்கரமுங்க. சிறப்புப் பதிப்பு. உலகத்துல ஒரே பிரதி."

"நான் இன்னும் பாக்கவே இல்லீங்களேம்மா?"

"கை ஈரமுங்க. ஆகாது."

"தொடச்சுக்கறேனுங்க..."

சொல்லி முடிப்பதற்குள் நாச்சிமுத்துவுக்குத் தான் சொன்னது உறைத்தது. முகம் சுண்டிப்போனது. முதலில் கோபம்தான் வந்தது. இந்த வயதில், இத்தனை செலவு செய்து வந்தவனை ஈர வேட்டியோடு நிற்க வைத்துக் கேலியா? அடுத்தாற்போல் அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

பாவாயம்மா சாவியை அவர் முன்னால் தரையில் வைத்தார்.

"சாவி உங்களுதுதானுங்களே" என்றார். போய்த் தூணோரம் உட்கார்ந்துகொண்டார்.

நாச்சிமுத்து சாவியைக் கையில் எடுத்தார். அலமாரி ஓரெட்டுத் தூரத்தில் இருந்தது. திறந்தால் தாள் கைக்கு வந்துவிடும். யாரும் தடுக்கப் போவதில்லை. இதற்காகத்தானே வந்தார்? வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றார்.

பிறகு திரும்பி, புழக்கடைக்கு நடந்தார்.

திலகவதி அங்கே அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்முணி, எந்திரிச்சு வா. தொண்டைத் தாமரையப் பாத்துட்டு வந்து தேய்க்கலாம்."

அவள் அவசரமாகச் சேலையில் கையைத் துடைக்கப் போனாள்.

"தொடைக்க வேண்டாம். அப்படியே வா."

சொல்லும்போது அவருக்கு வலிக்கத்தான் செய்தது. அதை மறைப்பானேன்? அலமாரியைத் திறந்து, புத்தகத்தை எடுத்துப் பலகைமேல் வைத்து, தொண்டைத் தாமரைப் பக்கத்தைத் திருப்பினார். அவருடைய தாள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது, படத்தை மறைத்துக்கொண்டு.

"இது உங்களுதுங்களா ஐயா?" என்று திலகவதி அதை எடுத்து நீட்டினாள். அவள் விரல் பட்ட இடத்தில் குங்குமம் கரைந்து வழிந்தது.

"அய்யய்யோ!" என்று பதறினாள்.

நாச்சிமுத்து சட்டென்று கை நீட்டினார். தாளை வாங்கிக்கொண்டார்.

"அது கெடக்கட்டும். நீ படத்தப் பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். ஊதா நிறத் தாமரை. ஒவ்வோர் இதழாக விரலால் தொட்டுத் தொட்டு உதட்டுக்குள் எண்ணினாள். அவள் விரலோடு சேர்ந்து நாச்சிமுத்துவின் கண்ணும் போனது. அந்தப் படத்துக்கு இதழ்கள் இருந்ததை அவரும் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"கண்ண மூடுனாலும் தெரியுதுங்க" என்றாள் திலகவதி. சிரித்துக்கொண்டே அண்டாவுக்குத் திரும்பிப் போனாள். தங்க மையின்மேல் ஓர் ஈர விரல் தடம் இருந்தது. நாச்சிமுத்து அதைத் துடைக்கவில்லை.

சன்னலோரம் போய், தன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

தூணோரத்திலிருந்து பாவாயம்மாவின் குரல் கேட்டது.

"கலஞ்சுருச்சுங்களா?"

"ஓரத்துல கலஞ்சுருச்சுங்கம்மா."

"பாக்க முடியுதுங்களா?"

"முடியுதுங்க."

"அப்ப நல்ல பதிப்புதானுங்க."