கரி படாத ஒரு வரி

வெகு காலத்துக்கு முன்பு, ஒரே ஒரு பெரிய ஏரியை நம்பிப் பிழைத்த நாடு ஒன்றைப் பூவேந்தன் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றும், மாலையில் வேறொன்று தோன்றும்.

அந்த ஏரியின் மடை நீருக்கு அடியில் இருந்தது. வெள்ளம் ஏறும்போது ஒருவன் மூழ்கிப் போய் மடைக்கல்லைத் தூக்கிவிட வேண்டும். தவறினால் கரை உடையும்; ஏழு ஊர்கள் போகும். மழைக்காலத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் மடைகாவலர் இறந்துபோனார்.

"வேலை வேண்டுகிறவர்கள் தம் திறமைகளை ஓலையில் எழுதிக் கொண்டுவரட்டும். யார் ஓலையில் திறமை அதிகமோ அவருக்கே வேலை!" என்றான் அரசன்.

பண்டசாலைத் தலைவர் கேசவராயருக்கு வாயெல்லாம் பல். அமைச்சர் தேவநாதரின் பெயரைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும். தம் மருமகன் சந்திரமௌலியை எப்படியாவது அரண்மனைக்குள் நுழைத்துவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் அறுபத்து நான்கு திறமைகளோடு ஓலைக்கட்டையே சுமந்து வந்தான். யானையை அடக்குவானாம். இருபது மொழி பேசுவானாம். மழை வருவதை மூக்காலேயே அறிவானாம்.

அடுத்து வந்தவன் சடையாண்டி. ஏரிக்கரையில் வயல்களுக்கு நீர் பாய்ச்சுகிறவன். அவனுடைய ஓலையில் இருந்தது ஒரே வரி: "மூழ்கி மடைக்கல்லை எடுப்பேன்."

"ஏனப்பா, எழுத்தாணி உடைந்துவிட்டதா?" என்று கேசவராயர் கேட்க, சபை சிரித்தது.

"இல்லீங்க. வேற எதுவும் எனக்குத் தெரியாதுங்க" என்றான் சடையாண்டி.

தேவநாதர் எழுந்தார். "அரசே, ஓலையில் கீறியவுடன் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விளக்குக்கரியைத் தடவினால்தான் தெரியும். இந்த ஓலைகளைத் துடைத்துவிடுவோம். எந்தத் திறமையை யார் கண்ணால் கண்டாரோ, அவரே வந்து அந்த வரிக்குக் கரி தடவட்டும். உறவினர் மட்டும் தொடக் கூடாது."

அரசனுக்குப் புதிய விளையாட்டு கிடைத்துவிட்டது. "ஆகட்டும்!" என்றான்.

மறுநாள் சந்திரமௌலியின் ஓலைகள் பளபளவென்று இருந்தன. நெடுநேரம் கழித்து அரண்மனைச் சமையற்காரர் வந்து ஒரு வரிக்குக் கரி தடவினார்.

"என்ன வரி?" என்று கேட்டான் அரசன்.

"ஒரே மூச்சில் நாற்பது பணியாரம் உண்பேன். கணக்கை நிரப்பக் கடைசியாக எழுதினார் போலும். நான் கண்ணால் கண்டது, அரசே."

சடையாண்டியின் ஓலைக்கோ வரிசை கோட்டை வாசல்வரை நின்றது. உழவர்கள், நாற்று நடும் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு விரல் தடவியதில் ஓலை முழுவதும் கறுத்துவிட்டது.

"ஒரு எழுத்துகூடத் தெரியவில்லையே!" என்றான் அரசன்.

"இனிமேல் படிக்க வேண்டியதில்லை, அரசே" என்றார் தேவநாதர்.

கேட்கிறவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் முகம் சிவந்த கேசவராயர் கத்தினார்: "அமைச்சரும் ஒரு நாள் ஓலை கொடுத்துத்தானே உள்ளே வந்தார்? அதையும் துடையுங்கள்!"

சோதனையைச் சொன்னபோது தேவநாதர் தம் ஓலையை மறந்திருந்தாரா, அல்லது நினைத்துக்கொண்டேதான் சொன்னாரா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், ஏரிக் கண்காணிப்பு வேலைக்காக அவர் எழுதிய ஓலை வந்தது. பதினோரு வரிகள். பத்து வரிகளுக்கு ஆட்கள் முந்திக்கொண்டு வந்து கரி தடவினார்கள். ஒரு வரி மட்டும் வெளுப்பாகவே கிடந்தது. யாரும் வரவில்லை.

அரசன் அரியணையிலிருந்து இறங்கி, தன் விரலைக் கரியில் தோய்த்தான். "நான் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

தேவநாதர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம், அரசே. 'ஆழ்நீரில் நீந்துவேன்' என்று எழுதியிருக்கிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. பத்து வரிகள் போதுமா என்று பயம். எல்லாரும் எழுதுகிறார்களே என்று எழுதினேன். அந்த ஆண்டு வெள்ளத்தின்போது ஊரெல்லாம் காய்ச்சல்; மடைகாவலரும் படுத்துக் கிடந்தார். நீந்துவேன் என்று எழுதிக் கொடுத்திருந்த நான்தான் மூழ்க வேண்டியவன். கரையில் நின்றுகொண்டு, காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்த மூக்கையன் என்பவனை அனுப்பினேன். மடை திறந்தது. மூக்கையன் மேலே வரவில்லை."



"எங்க அண்ணன்" என்றான் சடையாண்டி.

"தெரியும்" என்றார் அமைச்சர்.

"எனக்கும் தெரியும் சாமி. கரையில இருந்து பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."

அரசன் சடையாண்டிக்கு வேலையும் பொற்காப்பும் கொடுத்தான். சந்திரமௌலியைப் பணியாரம் சுடும் இடத்துக்கு அனுப்பினான். கேசவராயர் தலை குனிந்தார். அமைச்சரின் தவற்றை வெளியே கொண்டுவந்த மகிழ்ச்சிகூட அவர் முகத்தில் இல்லை. தேவநாதர் பதவியை விட்டு விலகக் கேட்டார். அரசன் விடவில்லை. "அப்படியானால் அந்த ஓலையைச் சபை வாசலில் தொங்கவிடுங்கள். வேலை கேட்டு வருகிறவர்கள் பார்க்கட்டும்" என்றார் தேவநாதர்.

அந்த மழைக்காலம் போனபின் ஒரு காலையில் அமைச்சர் ஏரிக்குப் போய், இடுப்பளவு நீரில் நடுங்கிக்கொண்டு நின்றார். சடையாண்டி நீரில் இறங்கி வந்தான். அவர் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்தான். கோடை முடிவதற்குள் அவர் எப்படியோ நீந்தி அக்கரை போய்ச் சேர்ந்தார்.

"நானே பார்த்துட்டேன் சாமி. அந்த வரிக்குக் கரி தடவிடட்டுமா?"

தேவநாதர் தலையைத் துவட்டினார்.

"வேண்டாம் சடையாண்டி. எழுதிய அன்று எனக்குத் தெரியாதே."

அவர் காலத்துக்குப் பிறகும் அந்த ஓலை வாசலில் ஆடிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்தவர்கள் அதன் கீழ் சற்று நின்று, தங்கள் ஓலையை இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்களாம்.