அழுதா ஒரு அதிரசம்

தப்பாச் சொல்லிருவேனோன்னு பயமாத்தான் இருக்கு. நான் அஞ்சாம் வகுப்போட நின்னவ. இது எங்க பெரியம்மா சொல்லிக் கேட்டது, அதுவும் எத்தனையோ வருசமாச்சு. இதுல ஒரு இடத்தை மாத்திச் சொல்லிட்டாப் போதும், பிள்ளையை அழ விட்டுட்டுச் சும்மா இருக்கச் சொன்ன கதைன்னு நினைச்சுக்குவீங்க. அதனால யாரும் பாதியில எந்திரிச்சுப் போகக்கூடாது. பகவதி, தம்பியைக் கிள்ளாம உக்காரு.

செம்பாறைன்னு ஒரு சீமை. அந்தச் சீமைக்கு ஒரு ராசா, ராசாவுக்கு ஒரே ஒரு மக. பேரு பூரணி, வயசு ஆறு. ராசா எதிரிக்குப் பயப்பட மாட்டாரு, புலிக்குப் பயப்பட மாட்டாரு, மக அழுதா மட்டும் அவருக்குக் கை காலெல்லாம் நடுங்கிரும். அதுக்காக ஒரு சட்டம் போட்டாரு. பூரணி அழுதா அரண்மனைச் சங்கை ஊதணும். சங்கு கேட்டதும் ராசா சிம்மாசனத்தை விட்டு இறங்கி ஓடி வருவாரு, ராணி ஓடி வருவாங்க, திருமேனின்னு தலைமைச் சமையக்காரன் ஒருத்தன், அவன் சூடா ஒரு அதிரசத்தைத் தட்டுல வச்சுக்கிட்டு ஓடி வருவான். அதிரசத்தைப் பாத்ததும் பிள்ளை அழுகையை நிப்பாட்டிரும். "பாத்தீங்களா, நிப்பாட்டிட்டா"ன்னு ராசாவுக்குப் பெருமை தாங்காது.

நிப்பாட்டினதுக்கு அதிரசம். நிப்பாட்டணும்னா முதல்ல ஆரம்பிக்கணுமே? அது ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்சுது, ராசாவுக்குத் தெரியல.

மொதல்ல நாளைக்கு மூணு தடவை அழுதா, பிறகு பத்துத் தடவை, பிறகு முப்பது தடவை. ஒரு வழக்கையும் ராசாவால முழுசாக் கேக்க முடியல. சங்கு ஊதுறவனுக்குக் கன்னம் வீங்கிருச்சு. திருமேனிக்கு மட்டும் கொண்டாட்டம், ஏன்னா அதிரசத்துக்குன்னு வர்ற நெய்யில பாதி அவன் வீட்டுக்குப் போச்சு.

பிள்ளையைத் திருத்துறேன்னு முதல்ல பள்ளிக்கூட வாத்தியார் பிரம்போட வந்தாரு. ஒரு அடி வச்சாரு. பூரணி பத்து மடங்கு அழுதா, அப்புறம் அதே பிரம்பை எடுத்துப் பொம்மையை அடிச்சா, பூனையை அடிச்சா, பால் கொண்டு வந்த ஆயாவை அடிச்சா. ரெண்டாவதா ஒரு மந்திரவாதி வேப்பிலையோட வந்தான். அவன் ஆடின ஆட்டம் பிள்ளைக்குப் பிடிச்சுப் போச்சு, அவனை வரவழைக்கணும்னே அழுதா. மூணாவதா ஒரு கோமாளி வந்து குட்டிக்கரணம் போட்டான். அவன் நிறுத்தினா அவ அழுதா, அவ அழுதா அவன் மறுபடி போட்டான், சாயங்காலம் அவனை நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போனாங்க.

அப்போ ஒரு நாள் ராசா மாடியில நின்னு பாக்குறாரு. தெருவுல முந்நூறு வாத்து வரிசையாப் போகுது. பின்னாடி ஒரு பொம்பளை, கையில இருக்கிற கம்பைத் தூக்கக்கூட இல்லை. அவதான் மாடத்தி, வாத்து மேய்க்கிறவ. தன் ஊருக்குப் பக்கத்துக்காரின்னு எங்க பெரியம்மா சொல்லும். சொல்லும்போதே பெரியம்மா கழுத்து ஒரு சாண் நீண்டுரும்.

ராசா அவளைக் கூப்பிட்டு, "இம்புட்டு வாத்தும் எப்படி உன் சொல் கேக்குது?"ன்னாரு.

"கத்துறதுக்கு நெல்லு போட மாட்டேன் சாமி. வரிசையில நடந்தா போடுவேன். வேற ஒண்ணும் இல்ல."

"அப்போ என் மகளைப் பழக்கு. ஒரு மாசம் தர்றேன். பழக்கிட்டா பெரிய ஏரிக்கரை உனக்கு. முடியலைன்னா உன் வாத்து அம்புட்டும் அரண்மனை அடுப்புக்கு."

"மிளகு அரைக்கச் சொல்லவா மகாராசா?"ன்னான் திருமேனி.

மாடத்தி முந்நூறையும் குஞ்சுலேருந்து வளத்தவ, புருசன் போன பிறகு அவளுக்கு அதுங்கதான் எல்லாம். "ராசா பிள்ளையும் வாத்தும் ஒண்ணா சாமி?"ன்னு கேட்டுப் பாத்தா.

"ஒண்ணு இல்லதான். அதனாலதான் ஒரு மாசம் தர்றேன்"னுட்டாரு.

மூணு நாள் மாடத்தி எதுவும் செய்யல. ஒரு மூலையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. பிள்ளை காலையில சபைக்கு வருது. "அப்பா"ங்குது. ராசா மந்திரிகிட்டப் பேசிக்கிட்டு இருக்காரு. கொஞ்சம் சத்தமா "அப்பா"ங்குது. ராசா ஓலையைப் படிக்கிறாரு. வேட்டியைப் பிடிச்சு இழுத்து "அப்பா"ங்குது. வேட்டியை உருவிக்கிறாரு. பிறகுதான் பிள்ளை தரையில விழுந்து புரளுது, சங்கு ஊதுது, அப்பன் ஓடி வர்றாரு. மூணு நாளும் இதேதான்.

நாலாம் நாள் மாடத்தி போய்ச் சொன்னா. "சாமி, இந்தப் பிள்ளை அதிரசத்துக்கு அழல. உங்களுக்கு அழுவுது. மெதுவாக் கூப்பிட்டா வர மாட்டேங்கிறீங்க, கத்தினா வர்றீங்க. அதைத்தான் அது படிச்சிருக்கு."

"என்ன செய்யணும்?"

"சங்கைக் கட்டி வைங்க. பிள்ளை எதையாவது கேட்டு அழுதா யாரும் ஓட வேண்டாம், திட்ட வேண்டாம். பக்கத்துலயே இருந்து உங்க வேலையைப் பாருங்க. ஆனா முதல் 'அப்பா'வுக்குத் திரும்பிருங்க, யாரு வந்திருந்தாலும்."

நான் பயந்த இடம் இதுதான், நல்லாக் கேட்டுக்கோங்க. மாடத்தி இன்னொண்ணும் சொன்னா. "விழுந்து அடிபட்டு அழுதா, காய்ச்சல்ல அழுதா, பயந்து அழுதா, அந்த நிமிசமே ஓடிரணும். அதுல கணக்குப் பாக்கக்கூடாது. ரெண்டு அழுகைக்கும் வித்தியாசம் பெத்தவங்களுக்குத் தெரியும்."

முதல் நாள் பூரணி அழுதா, யாரும் திரும்பல. ரெண்டாம் நாள் தலையணையைக் கிழிச்சா, யாரும் திரும்பல. மூணாம் நாள் அழுதா பாருங்க, ஏரியில இருந்த கொக்கெல்லாம் பறந்துருச்சு. ராணி காதைப் பொத்திக்கிட்டாங்க. ராசா தூணைக் கட்டிக்கிட்டு, "ஒரே ஒரு அதிரசம், மாடத்தி. ஒண்ணே ஒண்ணு"ன்னு கெஞ்சினாரு.

"தீனியை நிறுத்தினா, அடங்குறதுக்கு முன்னாடி வாத்தும் இப்படித்தான் சாமி கத்தும். இப்போ ஒரு பிடி போட்டீங்கன்னா, இனிமே இம்புட்டுச் சத்தமாக் கத்துனாத்தான் கிடைக்கும்னு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி."

ராசா தூணை விடல.

அதுக்கப்புறம் அழுகை குறைஞ்சுது. முப்பது இருபதாச்சு, இருபது அஞ்சாச்சு, அஞ்சு ஒண்ணாச்சு. ஆனா அந்த ஒண்ணு மட்டும் போகவே இல்லை. தினம் மத்தியானம் பிள்ளை தன் அறைக்குப் போய் சன்னல் பக்கமா நின்னு அழுவா. நாளும் இருபத்தஞ்சு ஆயிருச்சு. மாடத்திக்குச் சோறு இறங்கல. பிறகு ஒரு நாள் பிள்ளை அறையில தரையைப் பாக்குறா, கட்டில்லேருந்து சன்னல் வரைக்கும் எறும்பு வரிசை போகுது. சன்னல் கட்டையில நெய்ப் பிசுக்கு.

அன்னைக்கு மத்தியானம் ராசாவைக் கூட்டிட்டு வந்து கதவுக்குப் பின்னாடி நின்னா. சன்னலுக்கு வெளியே திருமேனி குரல் கேக்குது. "அழு கண்ணு. நல்லா அழு. அழுதாத்தானே மாமா தர முடியும்?"

ராசா கத்தின கத்துல சுவர் அதிர்ந்துச்சு. வாளை உருவிட்டாரு. மாடத்தி குறுக்க வந்தா.

"வெட்ட வேண்டாம் சாமி. என் வாத்தை மேய்க்க ஆளில்லை. ஒரு வருசம் மேய்க்கட்டும்"னா.

"அய்யோ, அதுக்கு வெட்டே தேவலாம்"னான் திருமேனி.

மேய்க்கப் போனான். அவனுக்கு அதட்டத்தானே தெரியும்? அதட்டினான், முந்நூறும் ஏரிக்குள்ள இறங்கிருச்சு. திட்டினான், நட்ட நடுவுக்குப் போயிருச்சு. கம்பை வீசினான், கம்பும் போச்சு. சாயங்காலம் வரைக்கும் இடுப்பளவு சேத்துல நின்னான். தொண்டை கட்டிப் போய்ச் சத்தம் வராம நின்னப்பதான் வாத்தெல்லாம் ஒவ்வொண்ணாக் கரையேறுச்சு.

முப்பதாம் நாள். சபையில பக்கத்து நாட்டுத் தூதன் பேசிக்கிட்டு இருக்கான். பூரணி கையைக் குவிச்சு வச்சுக்கிட்டு வர்றா. மாடத்தி கண்ணு ராசா மேலயே இருக்கு. அவரு இப்போ திரும்பலைன்னா எல்லாம் போச்சு, வாத்தும் போச்சு.

"அப்பா"ங்குது பிள்ளை, மெதுவா.

ராசா திரும்பினாரு. தூதனைக் கை காட்டி நிறுத்திட்டு, இறங்கி வந்து படியில உக்காந்தாரு. "என்ன கண்ணு?"

"பொன்வண்டு. முட்டை போட்டிருக்கு."

"எங்க, காட்டு."

அப்பனும் மகளும் தலையோட தலை முட்டிக்கிட்டுப் பாத்தாங்க. அன்னைக்குப் பூரணி ஒரு தடவை கூட அழல. பிரம்பு தோத்துச்சு, வேப்பிலை தோத்துச்சு, குட்டிக்கரணம் தோத்துச்சு. ஒரு எழுத்துப் படிக்காத வாத்துக்காரி ஜெயிச்சா. ஏரிக்கரை அவளுக்காச்சு.

வாத்தியார்கூட அவளைத் தேடி வந்தாரு. "என் பள்ளிக்கூடத்துல ஒருத்தன் கிள்ளிக்கிட்டே இருக்கான், மாடத்தி"ன்னாரு.

"நாள் முழுக்க யாரு பேரைக் கூப்பிடுறீங்க ஐயா?"

"அவன் பேரைத்தான்."

"அவன் எழுதும்போது ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க."

பாத்தாரு. பிரம்பைப் பந்தலுக்குக் குச்சியா ஊனிட்டாரு.

ஆனா மாடத்திக்கு நிம்மதி வரல. வாளை உருவின ராசாதானே அவரு? நாளைக்கு வேற எதுக்காவது கோவம் வந்தா, மறுபடி வாத்தைத்தானே கேப்பாரு? யோசிச்சா. நேரா ராணிகிட்டப் போனா, மந்திரிகிட்டப் போனா, சங்கு ஊதுறவன்கிட்டப் போனா. மூணு பேரு காதுலயும் ஒரே சேதியைச் சொன்னா.

அன்னையிலேருந்து ராசா கத்தினா யாரும் ஓடுறதில்லை, யாரும் எதுத்துப் பேசுறதும் இல்லை. அவங்கவங்க வேலையைக் குனிஞ்சு பாத்தாங்க. மெதுவாக் கேட்டாருன்னா தண்ணி கேட்டாலும் நாலு பேரு ஓடினாங்க, ராணி சிரிச்சுக்கிட்டே வெத்தலை மடிச்சுக் குடுத்தாங்க. முதல் வாரம் ராசா கத்தினதுல கொக்கெல்லாம் மறுபடி பறந்துச்சு. மாடத்தி ஏரிக்கரையில உக்காந்து, "பறக்கட்டும், திரும்பி வரும்"னா.

ஆறு மாசத்துல ராசா குரல் தணிஞ்சுருச்சு. ஏன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. மாடத்தியோட வாத்து அம்புட்டும் வயசாகித்தான் செத்துச்சு.

வாத்து கரையேறிருச்சு, கதையும் கரையேறிருச்சு.