வெள்ளையடித்த கூரை

ஒரு மாதத்துக்கு அப்புறம் மாசிலாமணி மடத்துக்கு வந்தார். வந்தவர் கும்பிடவும் இல்லை, உட்காரவும் இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மடம் என்றதும் கோபுரம், மணி என்று பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஊர்க் கோடியில் மூடிப்போன ஓர் அரிசி மில். அதன் களத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. பூரணி அம்மா அங்கேதான் இருந்தார். அம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது, மாசிலாமணிக்கு அறுபது. இருந்தும் ஒன்பது வருஷமாக இவர்தான் சீடர், அவர்தான் குரு.

கொட்டகையில் நாலைந்து பேர் இருந்தார்கள். விஷயம் ஊருக்கே தெரியும். மாசிலாமணி வீட்டில் அறைக் கூரை பெயர்ந்து விழுந்தது. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் செம்மலர் கீழே கட்டிலில் படுத்திருந்தாள். அவள் இடுப்பெலும்பு முறிந்து பிழைத்தாள். எட்டு மாதப் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது.

ஆறுதல் சொல்ல ஆள் கிடைத்தால் சனங்கள் விடுவார்களா?

"எல்லாம் விதிங்க."

"அந்த உசுருக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கு."

"பொண்ணாச்சும் தப்பிச்சுதேன்னு மனசைத் தேத்திக்குங்க."

மாசிலாமணிக்கு அவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போல இருந்தது.

பூரணி அம்மா, "எல்லாரும் கொஞ்ச நேரம் களத்துப் பக்கம் இருங்க," என்றார். அவர்கள் எழுந்து போனார்கள்.

"சொல்லுங்க ஐயா."

"செம்மலர் அழ மாட்டேங்குறா, அம்மா. அவ அம்மாகிட்டயும் பேச மாட்டேங்குறா. நான் கஞ்சி கொண்டு போனா மட்டும் வாயைத் திறக்குறா. 'அப்பா, அது விழும்னு உங்களுக்குத் தெரியுமா?' தினமும் இந்த ஒரே கேள்விதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கஞ்சி ஆறுதும்மான்னு சொன்னேன்."

"தினமுமா?"

"தினமும்."

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒரு பதில் குடுங்க, அம்மா. அது பொய்யாவும் இருக்கக் கூடாது, அவளைக் கொல்லவும் கூடாது. அப்படி ஒரு வார்த்தை உங்ககிட்டதான் இருக்கும்னு வந்திருக்கேன்."

பூரணி அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்க அம்மா கிளம்பிட்டீங்க?"

"உங்க வீட்டுக்கு. நடங்க, பேசிக்கிட்டே போவோம்."

வெயில் இன்னும் தாழவில்லை. இரண்டு பேரும் மில் சுவர் ஓரமாகவே நடந்தார்கள்.

"கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுனீங்களா?"

"காட்டுனேன். அந்தோணிசாமி ஏணி வச்சு ஏறிப் பார்த்தான். உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதிப் போச்சு சார், தட்டி எடுத்துட்டுப் புதுசா கம்பி கட்டிப் பூசணும், தள்ளிப் போடாதீங்கன்னான்."

"அப்புறம்?"

"என் சம்சாரம் தனபாக்கியம் குறுக்க விழுந்துட்டா. மக மாசமா இருக்கும்போது வீட்டை உடைப்பீங்களான்னு கேட்டா."

நம் பக்கத்து வழக்கம் அது. பெண் மாசமாக இருந்தால் வீட்டில் ஆணி அடிக்க மாட்டார்கள், சுவரில் உளி வைக்க மாட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். மாசிலாமணியும் அதை நம்பினார். நம்பினாரா, நம்புவதற்கு வசதியாக இருந்ததா என்று கேட்டால் மனுஷனுக்குப் பதில் சொல்லத் தெரியாது. பிள்ளை பிறந்து தீட்டுக் கழியட்டும், வேலையை வைத்துக்கொள்ளலாம் என்று கொத்தனாரை அனுப்பிவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் குரல் ஏறியது.

"உங்களையும்தான் கேட்டேன். கூரை விரிசல் விட்டிருக்கு, உடைக்கிறதா வேண்டாமான்னு மனசு கெடந்து அடிச்சுக்குதுன்னு வந்து நின்னேன். நீங்க என்ன சொன்னீங்க? பதறாம இருக்கக் கத்துக்குங்க ஐயான்னீங்க. நானும் போய்ப் பதறாம இருந்தேன். நல்லாக் கத்துக்கிட்டேன்!"

பூரணி அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணி அடித்து ஒதுங்கிப் போனார்.

"ஆமா," என்றார். "நீங்க கூரையைப் பத்திக் கேட்டீங்க. நான் மனசைப் பத்திச் சொன்னேன். கொத்தனார் என்ன சொன்னார்னு ஒரு வார்த்தை கேக்கல. தப்புதான், ஐயா."

மாசிலாமணி இதை எதிர்பார்க்கவில்லை. மறுப்பார், பெரிதாக ஏதாவது விளக்கம் சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை கத்தலாம் என்று இருந்தார். தப்பு என்று அவரே சொன்னதும் நெஞ்சு சட்டென்று லேசாகிவிட்டது. அடச்சீ, இதற்குத்தானா வந்தோம் என்று மறுநிமிஷமே அவருக்கு அவமானமாக இருந்தது.

"என் பங்கு என்னோடது," என்றார் பூரணி அம்மா. "அதை நான் எடுத்துக்கிட்டதால உங்க பங்கு ஒரு துளி குறையாது."

வீடு வந்தது. வாசலில் இடிந்த காரைக்கட்டியைக் குவித்துப் போட்டிருந்தார்கள். துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஆள் வைத்து அள்ளக்கூட யாருக்கும் தெம்பில்லை. செம்மலரை இப்போது முன்னறையில் படுக்க வைத்திருந்தார்கள். ஜன்னல் பாதி திறந்திருந்தது.

மாசிலாமணி கேட்டைத் திறக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்கு, அம்மா. யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லுங்க."

"அவளைக் கூட்டிட்டு வர்றதுக்கு முந்தின நாள் பெயிண்ட் கடையில பட்டி வாங்கிட்டு வந்தேன். நானே ஏணி போட்டு ஏறி விரிசலை அடைச்சேன். காய்ஞ்சதும் மேல வெள்ளை அடிச்சேன். உடைக்கத்தானே கூடாது, பூசலாமே. அவ வந்து பார்த்துட்டு, ரூம் புதுசாட்டம் இருக்கேப்பான்னு சிரிச்சா. பாத்ரூம் பக்கத்துல இருக்கு, இங்கயே படுத்துக்கம்மான்னு நான்தான் கட்டிலைப் போட்டேன்."

"எதுக்குப் பூசுனீங்க?"

"படுத்தா நேரா அதுதான் கண்ணுல படும். மாசமா இருக்கிற புள்ள, பார்த்துப் பயந்துடக் கூடாதில்ல?"

"பார்த்திருந்தா?"

மாசிலாமணி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வேற ரூம்ல படுத்திருப்பா," என்றார்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். தெரியும், அம்மா!" அறுபது வயது மனுஷர் தெருவில் நின்று தேம்பினார். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் கெஞ்சினார். "நீங்க முதல்ல உள்ள போய்ப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா அவ தாங்கிக்குவா."

"நான் செஞ்ச தப்பை அவகிட்டச் சொல்லத்தான் வந்தேன். உங்களோடதைச் சொல்ல வரல."

"சொன்னா இனிமே என்னை அப்பான்னு கூப்பிட மாட்டா."

"கூப்பிடாம போகலாம்."

"என் முகத்துலயே முழிக்க மாட்டா."

"இருக்கலாம்."

"போன உசுரு திரும்பவா போகுது? அப்புறம் எதுக்கு அம்மா சொல்லணும்?"

பூரணி அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"கஞ்சி ஆறுதுன்னு தினமும் பூசுறீங்களே, இப்பவும் அதுக்குக் கீழதான் அவ படுத்திருக்கா, ஐயா."