இலவமரம் இலை உதிர்க்காத மூன்று வருஷம்

"கண்ணால பாக்காதவன் வாயைத் திறந்தான்னா..." என்று என் சித்தப்பா ஆரம்பிப்பார். பின்பாதி எனக்கு மறந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவருடைய மூக்கு நுனி சிவப்பது மட்டும் மறக்கவில்லை. ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்வார். கேளுங்கள்.

மலைகளுக்கு இன்னும் யாரும் பேர் வைக்காத காலம் அது. முகிலூர் என்று ஒரு நாடு. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கார்த்திகை முடிகிற சமயத்தில் காடுகாண்பார் என்ற அரசு ஊழியர் கோலை எடுத்துக்கொண்டு மலையேறுவார். மரத்தில் ஒன்று, மண்ணில் ஒன்று, வானில் ஒன்று என்று மூன்றைத் தன் கண்ணால் பார்ப்பார். மார்கழி முதல் நாள் சபையில் கோலை ஊன்றி, "பார்த்தேன்" என்று அந்த மூன்றையும் சொல்வார். அந்த வாக்கு உண்மையாக இருந்தால் காட்டுக்கு அடுத்த பருவம் திறக்கும். மழை ஓயும், பனி இறங்கும். வாக்கு பொய்யாக இருந்தால் காடு அப்படியே பூட்டிக்கொள்ளும்.

அந்த வேலையில் இருந்தவர் சடையன். நல்ல மனுஷர்தான். முழங்கால்தான் சொன்னபடி கேட்காது.

அந்த நாட்டு ராஜா வல்லியக்கோன் அருவிக்கு எதிரே ஒரு மண்டபம் கட்டியிருந்தார். ஐப்பசியில் அருவி இடிபோல விழும். மார்கழி வந்தால் மெலிந்துவிடும், புல் பழுத்துவிடும். ராஜாவுக்கு அது பொறுக்கவில்லை.

"எப்போதும் ஐப்பசியாகவே இருந்தால் என்ன?" என்றார்.

"இருக்கட்டுமே!" என்று ஒரு குரல். மகுடியான் என்ற மந்திரவாதி ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தான். கண்ணாடிக்குள் காடு. பச்சையோ பச்சை. "காடுகாண்பார் மட்டும் இதைப் பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று சொல்லணும் மகாராஜா. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

ராஜா சடையனைக் கூப்பிட்டார். "இந்த மழையில் எதற்கய்யா மலையேறி அவதிப்படுகிறீர்? இதோ தெரிகிறதே!"

சடையன் கண்ணாடியைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். கோலை ஊன்றினார்.

"மரத்தில் பச்சை இலை பார்த்தேன். மண்ணில் ஈரம் பார்த்தேன். வானில் கார்மேகம் பார்த்தேன்."

அவ்வளவுதான். காடு பூட்டிக்கொண்டது.

ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை, மூன்று வருஷம்! ஒவ்வொரு மார்கழியும் சடையன் கண்ணாடியைப் பார்த்து அதையே சொன்னார். மழை விடவில்லை. பூத்த நெல் மணி பிடிக்காமல் வயலிலேயே அழுகியது. ஊர் கிழங்கைத் தோண்டித் தின்றது. ராஜா மண்டபத்தில் உட்கார்ந்து, "ஆஹா, என்ன அருவி!" என்றார். சுற்றி நின்றவர்களும் "என்ன அருவி! என்ன அருவி!" என்றார்கள். வயிறு எரியுமா எரியாதா, சொல்லுங்கள்.

நாலாவது மார்கழிக்கு இரண்டு நாள் முன்பு, சடையனின் மனைவி பேச்சாயி கிழங்குச் சட்டியை நங்கென்று வைத்தாள்.

"ஏங்க, பார்த்தேன் பார்த்தேன்னு மூணு வருஷமா சொல்றீங்களே, என்னத்தைப் பார்த்தீங்க?"

"கண்ணாடியிலதான் தெரியுதே பேச்சாயி."

"கண்ணாடியில என் மூஞ்சியும்தான் தெரியுது. அதுக்காக அதுவா உங்களுக்குச் சோறு போடுது? கோலை எடுங்க. நானும் வரேன்."

மலையேறினார்கள். முதலில் இலவமரம். மூன்று வருஷத்து இலை கறுத்துத் தடித்துக் கிளைகளை முறிக்கிற மாதிரி தொங்கியது. மரம் பேசியது.

"நீதானா அந்த ஆள்? இலையை விட்டால்தானே நான் பூக்க முடியும்? மூன்று வருஷமாய் ஒரு மொட்டு இல்லை. பார்த்தாயா, பார்த்ததாகச் சொன்னாயா?"

சடையன் கோலை ஊன்றிக்கொண்டு மேலே நடந்தார்.

அடுத்தது சேற்றில் ஒரு தவளை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"மழை விட்டால்தானே நான் மண்ணுக்குள்ளே போய்ப் படுப்பேன்? மூணு வருஷமாத் தூக்கம் இல்லைய்யா! என் பெண்டாட்டியே 'போதும், நிறுத்து' என்று சொல்லிவிட்டு வேறு குட்டைக்குப் போய்விட்டாள். பார்த்தாயா, பார்த்ததாகச் சொன்னாயா?"

பேச்சாயி சிரித்துவிட்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஒரு வாலாட்டிக் குருவி. வடக்கே பனிமலைகளைத் தாண்டி வந்தது. வாலை ஆட்டக்கூடத் தெம்பில்லாமல் நனைந்து கிடந்தது.

"வெயில் காயும் ஓடைப்பாறைகளை நம்பி வந்தோம். எல்லாம் வெள்ளத்துக்கு அடியில் இருக்கின்றன. நாற்பது பேர் கிளம்பினோம். இப்போது நான் ஒருத்திதான்."

அந்தக் கேள்வியை அது கேட்கவில்லை. சடையன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகுடியான் மேல் கோபம். ராஜா மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேல் தன் முழங்கால் மேல் கோபம்.

மார்கழி முதல் நாள். அருவி மண்டபத்தில் சபை கூடியது. கண்ணாடி பளபளத்தது. மகுடியான் அவர் காதோரம் குனிந்தான்.

"உண்மையைச் சொன்னால் மூன்று வருஷம் பொய் சொன்னதாக ஆகும். பொய் சொன்ன காடுகாண்பாருக்குக் கோலும் போகும், வீடும் போகும். தெரியுமில்ல?"

"தெரியும்டா" என்றார் சடையன். கோலை ஓங்கி ஊன்றினார்.

"மரத்தில் அழுகிய இலையைப் பார்த்தேன். மண்ணில் தூங்காத தவளையைப் பார்த்தேன். வானை இழந்த ஒற்றைக் குருவியைப் பார்த்தேன். இதற்கு முன்னால் மூன்று வருஷம் எதையும் பார்க்கவில்லை. பொய் சொன்னேன்."

கண்ணாடி மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டு உடைந்தது. மகுடியான் சுருங்கினான், சுருங்கினான், ஒரு சொட்டு மழைத்தண்ணீராகித் தரையில் காய்ந்து போனான். மலையில் இலவமரம் மூன்று வருஷத்து இலையையும் ஒரே மூச்சில் உதறியது. தவளை பாதிக் கத்தலில் நிறுத்தி மண்ணுக்குள் இறங்கியது. ஓடை வடிந்து பாறை தலைகாட்டியது. அதன் மேல் குருவி உட்கார்ந்து வாலை ஒரு ஆட்டு ஆட்டியது. ஊர்மேல் வெள்ளையாகப் பனி இறங்கியது.

ராஜா மெலிந்துகொண்டிருந்த அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, அருவியைப் பார்த்தது போதும். இறங்கி வந்து வயலைப் பாருங்க" என்றாள் சடையனுக்குப் பின்னால் நின்ற பேச்சாயி.

ராஜா இறங்கினார். அழுகின தாளில் கால் புதைய நடந்தார். அன்றைக்கே அரண்மனைக் களஞ்சியம் ஊருக்குத் திறந்தது; விதைநெல்லும் வீடு வீடாகப் போனது. தை பிறந்தபோது இலவமரம் ஓர் இலைகூட இல்லாமல் செக்கச்செவேலென்று பூத்து நின்றது.

"உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனை கிடையாது" என்றார் ராஜா. "வீடும் உமக்கே, கோலும் உமக்கே. வரும் மார்கழிக்கும் நீரே வந்து சொல்லும், சடையரே."

சடையன் கோலைப் பேச்சாயியின் கையில் கொடுத்தார். இனிமேல் மலையில் பார்ப்பதும் சபையில் சொல்வதும் அவள் வேலை என்றும், தான் கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஏறுவது என்றும் முடிவு செய்தார்.