சாணிவண்டு வானம் பார்த்தது

கல்லும் மாடும் பேசிய அந்தக் காலத்தில், எகிப்தின் தீப்ஸ் நகரக் கோயில் முற்றத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு சாணிவண்டுகள் வாழ்ந்தன. அவற்றில் ஒருத்தி ஹெனுத்.

முற்றத்தின் நடுவே, ஒரே கல்லில் செதுக்கிய சிவப்புத் தூண் ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாக நின்றது. வண்டுகளுக்குச் சட்டம் ஒன்றுதான்: சாணி உருண்டையைத் தூணைப் பார்த்து உருட்டு, தூணடியில் புதை. அங்கே மண் எப்போதும் உலர்ந்திருக்கும்.

ரோமப் பேரரசர் ஒருவருக்கு அந்தத் தூண் பிடித்துப்போனது. அவருடைய ஆட்கள் வந்து அதைச் சாய்த்து, உருளைகளின் மேல் கிடத்தி, மாடுகளைப் பூட்டினார்கள்.

அன்று ஹெனுத் முட்டை வைத்த சாணி உருண்டையோடு புறப்பட்டிருந்தாள். தூண் நகர்ந்தது. சட்டப்படி அவளும் திசை மாற்றினாள். மற்ற வண்டுகள் உருண்டையைக் கைவிட்டுத் திரும்பின. அவள் திரும்பவில்லை.

கடைசி மாடு அவளைப் பார்த்தது. "என்ன அக்கா, நீயும் ரோமுக்கா?"

"தூணடிக்குப் போகிறேன்."

"படுத்துக் கிடப்பதற்கு அடி ஏது?"

"எழுந்திருக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன்."

"சரி. வழியில் சாணி வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேள்."

மூன்றாம் நாள் நைல் கரை வந்தது. தூணைக் கப்பலில் ஏற்றினார்கள். ஹெனுத்தின் கால்கள் சேற்றில் புதைந்தன. ஈரம் ஏறினால் முட்டை அழுகிவிடும்.

"பெரியவரே, கொஞ்சம் நில்லுங்கள்" என்றாள். "என் பிள்ளைக்கு இடம் வேண்டும்."

"நிற்பது என் கையில் இல்லை, அம்மா" என்றது தூண். "நான் நின்றபோது என் நுனி எதைக் காட்டியது?"

"தெரியாது. நாங்கள் அடியைத்தான் பார்ப்போம்."

"இப்போது மேலே பார். அங்கே இருப்பவனைக் கயிறு கட்டி இழுக்கும் பேரரசர் இன்னும் பிறக்கவில்லை."

ஹெனுத் உருண்டையின் மேல் ஏறினாள். அது ஆடியது. விழாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, சூரியன் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டாள். இறங்கினாள். தலையைத் தரையில் ஊன்றி, பின்னங்கால்களால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு பாலைவனம் நோக்கி ஒரே நேர்கோட்டில் போனாள். கப்பல் புறப்பட்ட சத்தம் கேட்டது. அவள் நிற்கவில்லை.

காய்ந்த மணல் வந்ததும் புதைத்தாள். இருபத்தெட்டாம் நாள் மணலைக் கீறிக்கொண்டு அவள் மகள் வெளியே வந்தாள். தூண் என்ற ஒன்றை அவள் பார்த்ததே இல்லை.

அன்று முதல்தான் சாணிவண்டுகள் புறப்படுமுன் உருண்டையின் மேல் ஏறி, வானத்தைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றுகின்றன.

தூண், கி.பி. 357இல், வேறொரு பேரரசரின் ஆட்சியில், ரோம் நகரத் தேர்ப்பந்தயத் திடலில் நடப்பட்டது.