சிவப்பு ரப்பர் பேண்டு

விமானி அறையின் கருவிப் பலகையை வடிவமைத்தவர் இளம்பரிதி. விமானியின் வேலைப்பளுவைக் குறைக்கும் வழி கற்பதற்காக, தம்மைவிடப் பத்து வயது இளையவரான கேப்டன் உமையாளிடம் ஐம்பதாம் வயதில் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

அன்று அவர் கையில் ஓர் அறிக்கை இருந்தது. முதல்நாள் சிமுலேட்டர் என்னும் பாவனை விமானி அறையில் நடந்த தேர்வில், சக்கரங்களை இறக்க வேண்டிய நேரத்தில் ரெஜினா என்னும் விமானி பக்கத்துப் பிடியை இழுத்துவிட்டார். திரையில் விமானம் தரையில் வயிறு உரசி எரிந்தது. ‘விமானியின் கவனக்குறைவு’ என்று இளம்பரிதி எழுதியிருந்தார். உமையாள் கையெழுத்திட்டால் ரெஜினாவின் உரிமம் போய்விடும்.

“இருப்பதே இரண்டு பிடிகள், கேப்டன். இதைவிட எப்படித்தான் எளிதாக்குவது?”

“உட்காருங்கள், சார். நீங்களே இறக்கிக் காட்டுங்கள்.”

இளம்பரிதி சிரித்துக்கொண்டே சிமுலேட்டரின் விமானி இருக்கையில் அமர்ந்தார். உமையாள் திரையில் மழையை வரவழைத்தார். எஞ்சின் எச்சரிக்கை அலறியது. கோபுரத்திலிருந்து ஒரு குரல் விடாமல் கேள்வி கேட்டது.

“சக்கரம்!” என்றார் உமையாள்.

இளம்பரிதியின் கை பாய்ந்தது; பக்கத்திலிருந்த இறக்கை மடலின் பிடியை இழுத்தது. திரை சிவந்தது.

அவர் குனிந்து பிடிகளைப் பார்த்தார். ஒரே உயரம், ஒரே கறுப்பு, ஒரே வழவழப்பு. அழகுக்காக அப்படி அமைத்தவர் அவரே.

“எனக்கே கை தவறிவிட்டதே...”

“ரெஜினாவுக்கு ஓராண்டாகத் தவறவில்லையே, சார்?”

இளம்பரிதியின் முகம் கறுத்தது. சட்டைப் பையிலிருந்து மெல்ல ஒரு சிவப்பு ரப்பர் பேண்டை எடுத்தார், தலைமுடிக்குப் போடுவது.

“ரெஜினா இதை ஒரு பிடியில் மாட்டியிருந்தார். ‘உங்கள் பிடிகள் இரட்டைப் பிள்ளைகள், சார், ஒன்றுக்காவது பொட்டு வைக்க வேண்டாமா?’ என்று கேலி வேறு செய்தார். நேற்றுக் காலை பார்வையாளர்கள் வருகிறார்களே என்று... நான்தான் கழற்றினேன். அவரிடம் சொல்லவில்லை.”

“அறிக்கையிலும் சொல்லவில்லை.”

இளம்பரிதி அறிக்கையை நான்காக மடித்தார். ரப்பர் பேண்டை மாட்ட நீட்டிய கை, இரண்டு பிடிகளுக்கும் நடுவே நின்றுவிட்டது.

“எதில் இருந்தது என்று... நினைவில்லை, கேப்டன்.”

“ரெஜினா வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார்” என்றார் உமையாள். “போய்க் கேளுங்கள்.”